வசந்தாமணி மிஸ் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை

காலை இடைவேளைக்கு மணி அடித்திருந்தது. ஆசிரியர் அறையில் நான் தேநீர்க் குவளையை எடுத்த நேரத்தில் எல்லோருடைய கைப்பேசிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. பள்ளி அலுவலகம் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஓர் அஞ்சலி அட்டையை அனுப்பியிருந்தது. மூலையில் ஒரு விளக்கு, நடுவில் வசந்தாமணி அக்காவின் அடையாள அட்டைப் படம். 'எங்கள் பள்ளியின் மூத்த ஆங்கில ஆசிரியை இன்று காலை இயற்கை எய்தினார்' என்பது முதல் வரி. மார்பில் வந்த புற்று நுரையீரலுக்குப் பரவி, கோவை மருத்துவமனையில் அவர் கிடந்த வாரங்களில் அந்த வரியை நான் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எதிர்பார்க்காதது இரண்டாவது வரி. 'மாணவர் நலன் கருதி, தாம் நேசித்த ஆங்கில இலக்கியப் பாடத்தையே தாமாக முன்வந்து விட்டுக்கொடுத்த தியாக உள்ளம்.'

குவளையைக் கீழே வைத்துவிட்டேன். அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. இன்றுவரை அழுகைக்கு முறை வரவில்லை.

அவரிடம் படித்தவர்களுக்கும் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் அந்த அட்டையைப் பார்த்திருப்பீர்கள். பலர் கூப்பிய கைகளைப் பதிலாக அனுப்பியிருந்தீர்கள். அதிலிருந்த இரண்டாவது வரி பொய். அது ஏன் பொய் என்று தெரிந்தவர்களில் பாதிப் பேருக்குப் பேச வாயில்லை, மீதிப் பேருக்கு மறந்துவிட்டது.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். வசந்தாமணி, கணியூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படித்துவிட்டுத் திருப்பூருக்கு வந்தவர். ராயபுரத்தில் தங்கையின் குடும்பத்தோடு ஒரு மாடி வீட்டில் இருந்தார். எங்கள் பள்ளி, பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு குடும்பத்தின் அறக்கட்டளை நடத்துவது. அந்தக் குடும்பத்துப் பெரியவர்தான் தாளாளர். மத்தியப் பாடத்திட்டம், பெரிய கட்டடம், பெரிய கட்டணம். அவர்களுடைய கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் சிலருக்கு மட்டும் கட்டணச் சலுகை உண்டு. ஆடை வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வந்தால் அந்தப் பிள்ளைகளைத்தான் முதலில் காட்டுவார்கள்.

நான் அங்கே தமிழ் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் அக்காவை எனக்குப் பிடிக்காது என்று முடிவு கட்டியிருந்தேன். வளாகத்துக்குள் தமிழ் பேசினால் தண்டனை தருகிற பள்ளியில் ஆங்கிலத் துறைத் தலைவி எப்படி இருப்பார் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று குழாயடியில் "தண்ணி வருதா?" என்று கேட்டுவிட்டது. அதற்காக 'நான் தமிழ் பேசமாட்டேன்' என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிப் பிள்ளையை நடைவழியில் நிறுத்தியிருந்தார்கள். அந்த வழியாக வந்த அக்கா, அட்டையைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பிள்ளையை வகுப்புக்கு அனுப்பினார். அன்று மாலைவரை எல்லா வகுப்புகளையும் அந்த அட்டையோடுதான் எடுத்தார். முதல்வர் அழைத்துக் கேட்டபோது கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நானும் ஊட்டுல தமிழ்தானுங்க சார் பேசறேன். அப்ப எனக்கும் தண்டனை உண்டில்லீங்களா?"

மறுநாள் முதல் அந்த அட்டை காணாமல் போனது. ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "ஏனம்மிணி, என்னைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிறயே, நான் என்ன உன்ற தமிழைக் கடிச்சா தின்னுபோட்டேன்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் எனக்கு அக்கா.

இப்போது அந்தப் பாடத்துக்கு வருகிறேன். பதினொன்றாம் வகுப்பில் எல்லோரும் ஆங்கிலம் படித்தாக வேண்டும். அது மொழிப்பாடம். விண்ணப்பம் எழுதுவது, விளம்பரம் எழுதுவது, பத்தியைப் படித்துப் பதில் எழுதுவது. அதற்கு அப்பால் ஆங்கில இலக்கியம் என்று தனியாக ஒரு விருப்பப் பாடம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. கதை, கவிதை, நாடகம் என்று இரண்டு ஆண்டுகள். திருப்பூரில் அதை யாரும் நடத்துவதில்லை என்பதால் அப்படியொன்று இருப்பதே பெற்றோருக்குத் தெரியாது. அக்கா நிர்வாகத்திடம் மன்றாடி, பாடத்திட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, கணிதமும் கணக்குப்பதிவியலும் எடுத்த பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும்படி கால அட்டவணையைத் தானே போட்டுக்கொடுத்து, அதைத் தொடங்கவைத்தார்.

தொடங்குவதற்கு முன் பெற்றோரை அழைத்துப் பேசினார்கள். சோமனூரிலிருந்து வந்திருந்த சென்னியப்பன் என்ற விசைத்தறிக்காரர் எழுந்தார். அவர் பையன் பத்தாம் வகுப்பை அப்போதுதான் முடித்திருந்தான்.

"ஏனுங்க மிஸ், இலக்கியத்தப் படிச்சு என்னங்க பண்றது? பையருக்கு மெயில் எழுதத் தெரிஞ்சாப் போதாதுங்களா?"

அரங்கில் சிரிப்பு எழுந்தது. அக்காவும் சிரித்தார்.

"மெயில் எழுதறதுக்கு மூணு மாசம் போதுங்க. நானே சொல்லிக் குடுத்தர்றேன். ஆனா பையர் அனுப்பற மெயில்ல எதை எழுதாம உட்டிருக்கான்னு படிக்கோணுமில்லீங்க? அதுக்குத்தான் ரண்டு வருசம்."

சென்னியப்பன் அந்தப் பதிலை மென்றுகொண்டே உட்கார்ந்தார். கூட்டம் முடிந்ததும் முதல் ஆளாகப் போய்ப் பையனின் பெயரைக் கொடுத்தவர் அவர்தான்.

எனக்கு வகுப்பில்லாத நேரங்களில் நான் அந்த இலக்கிய வகுப்பில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வேன். என் ஆங்கிலம் ஓட்டை ஆங்கிலம். புரியாததை அக்கா தமிழில் சொல்லிவிட்டு மேலே போவார். ஒருநாள் ரயில் பெட்டியில் நடக்கும் ஒரு கதை. வசதியான மூன்று பயணிகள் உலக நியாயங்களைப் பேசிக்கொண்டே வருகிறார்கள். கதையைப் படித்து முடித்ததும் அக்கா கேட்டார்: "இந்தக் கதையில் ஒரு வார்த்தைகூடப் பேசாதவர் யார்?"

மாரீஸ்வரி என்ற பெண் கையைத் தூக்கினாள். அவள் சலுகையில் படிக்க வந்தவள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவள் அம்மா தாளாளருடைய கம்பெனியில் தைத்த ஆடைகளைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில் இருந்தார்.

"பெட்டியத் தொடைக்கிற ஆளு மிஸ். கதை பூரா வாராரு, போறாரு. ஒண்ணும் பேசல."

"ஏன் பேசல?"

"அவருகிட்ட யாருமே ஒண்ணும் கேக்கலயே மிஸ்."

அக்கா கையிலிருந்த சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். பிறகு, "அதை இங்கிலீஷ்ல, முழுசா எழுது கண்ணு" என்றார். வெளியே வந்து என்னிடம், "பாத்தியா அம்மிணி, இத்தன வருசமா இந்தக் கதையப் படிக்கறேன். எனக்கு இது தோணல" என்றார். ஒரு மாணவி தன்னைத் தாண்டிப் போனதை இவ்வளவு மகிழ்ச்சியாகச் சொன்ன ஆசிரியரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

பாடம் தொடங்கிய ஆண்டின் முதல் பருவத்திலேயே பையர் குழு பள்ளிக்கு வந்தது. நடுவயதுப் பெண் ஒருவரும் இளைஞர்கள் இருவரும். கம்பெனியில் வேலை நிலைமையைச் சோதிக்கும் ஆடிட் முடிந்து, தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி தருவதைப் பார்க்க அழைத்து வந்திருந்தார்கள். நன்றாக ஆங்கிலம் பேசுகிற தொழிலாளர் பிள்ளை வேண்டும் என்று தாளாளர் சொல்லியனுப்பினார். மாரீஸ்வரியை விட்டால் வேறு யார்? அவள் சொல்ல வேண்டிய வாக்கியங்களைக் கம்பெனி அலுவலகமே தட்டச்சு செய்து அனுப்பியது. 'என் கனவுகளுக்குச் சிறகு கொடுத்த நிறுவனத்துக்கு நன்றி' என்கிற மாதிரி. அக்கா படித்துவிட்டு, "உனக்கு விருப்பம்னா சொல்லு கண்ணு" என்று மட்டும் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் அக்காதான் அந்தப் பெண்ணைத் தூண்டிவிட்டார் என்று பிறகு பரப்பினார்கள். நான் பக்கத்திலேயே இருந்தேன். தூண்டவில்லை.

மாரீஸ்வரி அந்த வாக்கியங்களைப் பிசகில்லாமல் சொன்னாள். கைத்தட்டல். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. வந்த பெண்மணி இனிமையானவர். அவளை அருகே அழைத்து, விடுமுறை நாட்களில் என்ன செய்வாய் என்று கேட்டார். ஒரு பிள்ளையிடம் பேச்சுக்குக் கேட்கிற கேள்வி.

"ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு கம்பெனிக்குப் போவேன்" என்றாள் மாரீஸ்வரி, தெளிவான ஆங்கிலத்தில்.

"சுற்றிப் பார்க்கவா?"

"இல்லை. வேலைக்கு. துணியில் தொங்குகிற நூல் பிசிறுகளை வெட்டுவோம். என்னைப்போல நிறையப் பிள்ளைகள் வருவார்கள். நீங்கள் ஆடிட்டுக்கு வருகிற வாரம் மட்டும் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்."

தாளாளர் சிரித்துக்கொண்டே முன்னால் வந்து, பிள்ளை வேடிக்கையாகப் பேசுகிறாள், எங்கள் பிள்ளைகளுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம் என்றார்.

மாரீஸ்வரி அவர் பக்கம் திரும்பினாள். "இல்லை சார். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை" என்றாள். அதுவும் ஆங்கிலத்தில்தான். குரலில் துடுக்கு ஏதுமில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

விருந்தினர் கார்கள் கிளம்பியதும் அக்காவை முதல்வர் அறைக்கு அழைத்தார்கள். தனியாகப் போகக் கூடாதென்று நானும் உடன் போனேன். என்னை வெளியே போகச் சொன்னார்கள். அக்கா, "அவ இருக்கட்டுங்க" என்றார். எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதை கூடும் என்பது இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அன்று அந்த அறையில் இருவர் பேச்சிலும் 'ங்க' கத்திபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க மிஸ், இதுக்குத்தான் இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தீங்களா?" என்றார் தாளாளர்.

"ஆமாங்க. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றதுக்குத்தானுங்க சொல்லிக் குடுத்தேன்."

"நம்ம ஊட்டு விசயத்த வெளியாளுகிட்ட சொல்றதுங்களா?"

"அவ ஊட்டு விசயத்தத்தானுங்க அவ சொன்னா. அவ கையி, அவ ஞாயித்துக்கெழம."

"பாவம்னு சேத்திக்கிட்டு சலுகை குடுத்தமுங்க."

"குடுத்தீங்க. வாயையும் சேத்தி வாங்கீட்டீங்கன்னு எங்களுக்குச் சொல்லலீங்களே."

தாளாளர் எழுந்து நின்றார். முதல்வர் மேசைமேல் இருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். அக்கா வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். படிக்கட்டில் இறங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "பயமில்லைங்கறது பொய்யம்மிணி. ஆனா அந்தப் புள்ள நிமிந்து நின்னாளே, அதப் பாத்ததுக்கப்புறம் நான் எப்படிக் குனியறது?" என்றார்.

அடுத்து நடந்தவை ஒவ்வொன்றும் மரியாதையோடு நடந்தன. மாரீஸ்வரியின் அம்மாவிடம், வேலை குறைவாக இருக்கிறது, சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். சொல்லியனுப்பவே இல்லை. சலுகை பெறும் தகுதி கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தானே, ஆகவே மாரீஸ்வரி பள்ளியை விட்டுப் போக வேண்டியிருந்தது. எவரும் அவளை வெளியேற்றவில்லையாம், விதிதான் வெளியேற்றியதாம். பையர் தரப்பிலிருந்து விளக்கம் கேட்டு ஒரு மெயில் வந்தது என்றும், தக்க பதில் போய்விட்டது என்றும் கேள்விப்பட்டேன். ஆர்டர் நிற்கவில்லை. கண்டெய்னர்கள் வழக்கம்போலத் தூத்துக்குடிக்குப் போயின. ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளை வேலை மட்டும் சில காலம் நின்றது என்று மாரீஸ்வரியின் அம்மா பிறகு எங்களிடம் சொன்னார். ஒரு பெண் ஆங்கிலத்தில் சொன்ன சில வாக்கியங்களால் நடந்தது அவ்வளவு. அது சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

பிறகு பாடத்தின் மீது கை வைத்தார்கள். தேர்வு வாரியத்துக்குப் பெயர்கள் போவதற்கு முன்பாகவே, இலக்கியம் எடுத்திருந்த பிள்ளைகள் வேறு விருப்பப் பாடத்துக்கு மாற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. காரணம், 'மாணவர்களிடையே ஆர்வமின்மை'. ஆர்வமின்மை! அந்த வகுப்பில் இடம் இல்லாமல் பக்கத்து அறையிலிருந்து நாற்காலி தூக்கிவந்து போட்டவள் நான். அடுத்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டில் ஆங்கில இலக்கியம் இருந்த இடத்தில் 'வணிக ஆங்கிலம்' என்று அச்சிட்டிருந்தார்கள். அதை நடத்த வெளியிலிருந்து ஒருவர் வந்தார். பிள்ளைகளுக்கு மரியாதையாக மன்னிப்புக் கேட்கும் பதினான்கு விதங்களைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு புகாரை எப்படி எழுதுவது என்று அதில் எங்கும் இல்லை.

அக்கா ஒவ்வொரு பெற்றோர் வீட்டுக்கும் போனார். சில வீடுகளுக்கு நானும் போனேன். சென்னியப்பன் எங்களைச் சோமனூரில் தன் தறிக்குடோன் வாசலில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். உள்ளே தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"என்ற பையன் மாறீட்டானுங்க மிஸ். எங்கிட்டயே எதுத்துக் கேள்வி கேக்கறான். நல்லாத்தான் இருக்குது. படிக்கட்டும்னுதான் எனக்கும் ஆசை."

"அப்ப ஒரு கையெழுத்துப் போடுங்க. பத்துப் பேரு சேந்து கேட்டா எடுக்க முடியாதுங்க."

அவர் தறிகளின் பக்கம் கையைக் காட்டினார்.

"அத்தனையும் தாளாளரு குரூப்புக்கு ஓடறதுங்க. நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு நூல் வராதுங்க. என்னை மன்னிச்சுருங்க."

அக்கா அவரைத் திட்டவில்லை. திரும்பி வரும் வழியில் நான்தான் திட்டினேன். "அவனைத் திட்டாத" என்றார். "அவன் பயந்தவன். பயமுறுத்தறவனத் திட்டு. ரண்டையும் ஒண்ணாப் போட்டு வதக்கீராத." அந்த ஊரில் எல்லோருடைய தறியும் தையல் மெஷினும் யாரோ ஒருவருடைய ஆர்டரில் ஓடுகின்றன. ஒரே ஒரு கையெழுத்துகூடக் கிடைக்கவில்லை. பாடம் போனது.

துறைத் தலைவி பதவியை எடுத்துவிட்டு அக்காவை முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பயிற்சி சொல்லித்தர அனுப்பினார்கள். நான்கு கோடு போட்ட நோட்டில் ஆங்கில எழுத்துகள். இலக்கியத்தில் முதுகலை முடித்து, ஒரு தலைமுறைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர். அவமானப்பட்டு ஓடிவிடுவார் என்று கணக்குப் போட்டார்கள். கோவையில் ஒரு பள்ளி அவரை அழைத்தது, எனக்குத் தெரியும். போங்கள் என்று நான் கெஞ்சினேன்.

"நான் போனா, ஆளில்லாம பாடம் தானா நின்னுபோச்சும்பாங்க. நான் இங்கயே உக்காந்திருந்தா, எடுத்துப் போட்டாங்கங்கறது கண்ணுக்கு முன்னால இருக்குமில்ல?"

இருந்தார். ஒவ்வொரு ஆண்டும் ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன் நடக்கும் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று, "ஆங்கில இலக்கியப் பாடத்தை இந்த வருசம் திறக்கறீங்களா?" என்று கேட்டார். "பாக்கலாங்க மிஸ்" என்பார் முதல்வர். அக்கா உட்கார்ந்துகொள்வார். புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் வாயைப் பொத்திச் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். அக்காவும் பார்த்தார். அடுத்த ஆண்டும் கேட்டார். நோய் கண்டுபிடித்து முடியெல்லாம் கொட்டிய ஆண்டிலும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து கேட்டார்.

இப்போது சொல்லுங்கள். இவரா தாமாக முன்வந்து விட்டுக்கொடுத்தவர்?

மருத்துவமனைக்கு மாரீஸ்வரி அடிக்கடி வந்தாள். அரசுப் பள்ளியில் வணிகவியல் முடித்து, இப்போது பெருமாநல்லூர்ப் பக்கம் வேறொரு ஏற்றுமதி கம்பெனியில் பையர்களோடு ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளராக இருக்கிறாள். அஞ்சல் வழியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். ஒருநாள் நான் போனபோது அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து கைப்பேசியில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாள். கவிதையாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் கம்பெனிக்கு வந்திருந்த பையர் மெயில்! அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நிறுத்து. 'உங்கள் ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறோம்'னா எழுதியிருக்கான்? அப்ப வெலையக் குறைக்கப் போறான்."

"ஆமா மிஸ், அடுத்த பத்தியில அதத்தான் சொல்லுதாரு!"

இருவரும் சிரித்தார்கள். அக்காவுக்குச் சிரித்ததில் மூச்சு முட்டி, நர்ஸ் ஓடி வந்து எங்களை வெளியே அனுப்பினார்.

கணியூரில் தகனம் முடிந்த மறுவாரம் பள்ளி அரங்கில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஆளுயர பிளெக்ஸில் அக்கா புன்னகைத்துக்கொண்டிருந்தார். தாளாளர் பேசினார். "காலத்துக்கு எது தேவைன்னு புரிஞ்சுக்கிட்டு, தன்னோட பாடத்தையே வேண்டாம்னு சொன்ன பெரிய மனசுங்க அவங்களுது" என்றார். கண்களைத் துடைத்துக்கொண்டார். உண்மையாகவே ஈரமாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்கலாம். பொய்யைப் பலமுறை சொன்னால் சொல்கிறவருக்கே கண் கலங்கிவிடும்.

உடன் பணியாற்றியவர் என்ற முறையில் என்னையும் பேச அழைத்தார்கள். "அந்தப் பாடத்தை வசந்தாமணி அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தார்கள் என்றால்" என்று தொடங்கினேன். ஒலிவாங்கி நின்றுவிட்டது. மின்தடை இல்லை, மேடைமேல் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நான் குரலை உயர்த்திப் பேசினேன். முதல் சில வரிசைகளுக்குக் கேட்டிருக்கும். என்னோடு தினமும் சோற்றுப் பொட்டலத்தைப் பங்கிட்டுச் சாப்பிடுகிறவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாரீஸ்வரி மட்டும் கடைசி வரிசையில் எழுந்து நின்றாள். தாளாளர் மேடையேறி வந்து என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "டீச்சர் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. அவங்களுக்குத் தண்ணி குடுங்க" என்றார்.

தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். மாரீஸ்வரியும் நானும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். "நீங்க சொன்னது கடைசி வரைக்கும் கேக்கல டீச்சர். எழுதுங்க" என்றாள். அதனால் எழுதியிருக்கிறேன். இது அச்சில் வந்த பிறகு அந்தப் பள்ளியில் எனக்கு நாற்காலி இருக்குமா என்று தெரியாது. இருந்தால், வருகிற ஜூனில் எழுந்து நின்று ஆங்கில இலக்கியத்தைக் கேட்கப் போகிறவள் ஒரு தமிழ் ஆசிரியை. அக்காவிடம் படித்தவர்களே, உங்களில் இப்போது கம்பெனி வைத்திருப்பவர்கள் உண்டு, அந்தப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்திருப்பவர்கள் உண்டு. அக்காவுக்கு மாலை வாங்கப் பணம் தருவதற்கு வாட்ஸ்அப் குழுவில் கை தூக்கினீர்கள். இந்தப் பாடத்தைக் கேட்பதற்கும் தூக்குங்கள்.

அவருடைய புடவைகளைத் தங்கை உறவுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார். புத்தகங்களை மாரீஸ்வரி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். என்னையும் ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், நான் எடுக்கவில்லை. என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. கடைசியாகப் பார்க்கப் போனபோது அக்காவுக்கு ஆக்சிஜன் முகமூடி வைத்திருந்தார்கள். வலி அதிகமாக இருந்த நாள். அவர் நிம்மதியாகப் போகட்டும் என்ற எண்ணத்தில், "எல்லாரையும் மன்னிச்சு உட்டுருங்கக்கா, மனசு லேசாயிரும்" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகமூடியைச் சற்று விலக்கினார்.

"லேசாயி என்னம்மிணி பண்றது? காத்துல பறக்கறதா? கனமாவே இருக்கட்டும். நான் போனா நீ எடுத்துக்க."

எடுத்துக்கொண்டேன் அக்கா. நீங்கள் சொன்னது சரிதான், நல்ல கனம். இறக்கி வைக்கமாட்டேன்.